மகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கணக்கு?

வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்குமா என்பதை எங்கள் கரையில் இரண்டு கணக்காகப் போடுகிறார்கள். முதல் கணக்கில் மதிப்பெண், தரவரிசை, இடஒதுக்கீடு. இரண்டாவது கணக்கு வீட்டுக்குள் நடக்கிறது. எவ்வளவு தூரம், யார் கொண்டுவிடுவது, எங்கே தங்குவது, படித்து முடிக்கும்போது எத்தனை வயதாகும், அதற்குள் நல்ல வரன் வந்துவிட்டால் என்ன செய்வது? ஆண்பிள்ளைக்கு முதல் கணக்கோடு காரியம் முடிந்துவிடும். பெண்பிள்ளை முதல் கணக்கில் ஜெயித்து இரண்டாவதில் தோற்கிறாள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'அவளுக்கு அங்கே வாய்ப்பு இல்லை' என்று சொல்லிவிடுகிறோம்.

நான் இனயத்துக்காரி. தமிழ் படித்து, அதையே கற்பித்துப் பிழைக்கிறவள். ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் ஊரில் யாராவது ஒரு தாய் என்னை வழிமறித்துக் கேட்பாள்: "டீச்சரே, எனக்க மவளுக்கு அங்க சீட்டு கெடைக்குமா?" 'அங்க' என்பது திருவனந்தபுரமாக இருக்கலாம், கோழிக்கோடாக இருக்கலாம், டெல்லியாக இருக்கலாம். நான் மதிப்பெண்ணைக் கேட்டு, பாடத்தைக் கேட்டு, கிடைக்கும் என்று சொன்னால் அந்த முகத்தில் மகிழ்ச்சிக்கு முன் கலவரம்தான் வரும். கிடைக்காது என்றால் பிரச்சினை தீர்ந்தது. கிடைக்கும் என்றால் இரண்டாவது கணக்கைத் தொடங்க வேண்டுமே!

இந்த இரண்டாவது கணக்கை நாம் குடும்ப விஷயம் என்று விட்டுவிடுகிறோம். அது குடும்ப விஷயம் அல்ல என்பதுதான் என் வாதம். அந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் சட்டமும் அலுவலகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் எழுதுகின்றன. வீடு கூட்டிப் பார்ப்பதோடு சரி.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் எங்கள் கரைக்குப் பழக்கமில்லாத ஒன்றல்ல. எங்கள் ஆண்கள் கொச்சிக்கும் முனம்பத்துக்கும் போய்ப் படகேறுகிறார்கள். குஜராத் கடல்வரை போகிறார்கள். வளைகுடா நாடுகளில் அந்நியர் படகில் ஒப்பந்தத்துக்குப் போகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்தபோது குமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் அதே வீடுகளிலிருந்து மகன்கள் கடலுக்குப் போனார்கள். பிழைப்பு அப்படி. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால், பதினெட்டு வயது மகனை நாள்கணக்கில் கரை தெரியாத இடத்துக்கு அனுப்பப் பழகிய ஊர், அதே வயது மகள் கன்னியாகுமரியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி நிஜாமுதீனில் இறங்குவதை நினைத்து நடுங்குகிறது என்றால், அந்த நடுக்கத்துக்குக் காரணம் கிலோமீட்டர் அல்ல.

பெண்களும் எங்கள் கரையில் வீட்டுக்குள் இருந்தவர்கள் அல்லர். மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்தவர்கள் எங்கள் பாட்டிமார்கள். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று சத்தமாக நியாயம் கேட்டதை நாடே பார்த்தது. வெளியே போகும் பெண்ணுக்கு வழியில் என்ன நடக்கும் என்பது எங்கள் தாய்மார்களுக்கு ஊகம் அல்ல, அனுபவம். அவர்களுடைய பயத்தைப் பழமை என்று கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களைக் கேள்வி கேட்க உரிமை உண்டு.

இனி, 'வெளிமாநிலம்' என்ற சொல்லைப் பார்ப்போம். 1956 நவம்பர் 1க்கு முன் இனயத்துப் பெண்ணுக்குத் திருவனந்தபுரம் வெளிமாநிலம் அல்ல. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இல் தொடங்கியபோது நாங்கள் அதன் எல்லைக்குள் இருந்தோம். தமிழ் பேசும் மக்கள் போராடித் தாய்த்தமிழகத்தோடு இணைந்தார்கள். அந்த இணைப்பை நான் கொண்டாடுகிறவள். ஆனால் கடற்கரையில் எல்லைக்கோடு மணலில் போட்டது போலத்தான் கிடக்கிறது. நீரோடி தமிழ்நாடு, அடுத்த கரையான பொழியூர் கேரளம். தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. திருச்சபைக்கு இந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கு அதுதான் எல்லாம்.

கேரளத்தில் கல்லூரிச் சேர்க்கையில் இலத்தீன் கத்தோலிக்கருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பொழியூர்ப் பெண் அதில் வருவாள். அதே சபை, அதே தொழில், அதே கடல் கொண்ட இனயத்துப் பெண் அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டும். அவள் கையிலுள்ள சாதிச் சான்றிதழ் களியக்காவிளை வரைதான் செல்லும். இது ஏதோ ஓர் எழுத்தரின் பிடிவாதம் அல்ல. 1990இல் மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திர மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. ஒரு மாநிலத்தில் பட்டியல் பழங்குடியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமை கூட வராது என்றது நீதிமன்றம். ஒவ்வொரு மாநிலத்திலும் சாதியின் நிலை வேறு என்பது அதன் காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் பெண்ணின் வாழ்க்கையில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

ஆண் பெரும்பாலும் வேலைக்காக மாநிலம் மாறுகிறான். பெண் கல்யாணத்தால் மாற்றப்படுகிறாள். பஞ்சாபில் பட்டியல் சாதியில் பிறந்து, திருமணத்தால் உத்தராகண்டுக்குப் போன ஒரு பெண் இடஒதுக்கீடு கோரியபோது, இரண்டு மாநிலங்களிலும் அந்தச் சாதி பட்டியலில் இருந்தபோதும் கிடையாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவன் ஊருக்குப் போவதுதான் பெண்ணுக்கு அழகு என்று சமூகம் அனுப்பிவைக்கிறது. போன இடத்தில் நீ வெளியாள் என்று சட்டம் சொல்கிறது.

இன்னொரு சட்டம் நேர்மாறாகப் பேசுகிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, திருமணமானதும் பெண்ணுக்குக் கணவனின் உறைவிடமே உறைவிடம். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அது பொருந்தாது. எங்களைப் போன்ற கிறிஸ்தவப் பெண்களுக்குப் பொருந்தும். ஆக, சொத்துக் கணக்கில் அவள் கணவன் ஊர்க்காரி. இடஒதுக்கீட்டுக் கணக்கில் அப்பன் ஊர்க்காரி. அவளுக்கென்று ஓர் ஊர் எந்தக் கணக்கிலும் இல்லை. பொழியூரில் பிறந்து எங்கள் கரைக்கு மணமாகி வந்த ஒருத்தி, பிள்ளை பெற்ற பிறகு எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். இரண்டு மாநில அலுவலகங்களும் அவளை மற்ற மாநிலத்துக்கு அனுப்பின. மூன்றாவது நடையில் அவள் ஆசையை விட்டுவிட்டாள். குடும்பம் விடவில்லை என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது. குடும்பம் அவளை விட்டது. சான்றிதழ்தான் விடவில்லை.

1984இல் மருத்துவச் சேர்க்கை பற்றிய பிரதீப் ஜெயின் வழக்கில், இந்தியாவில் எல்லோருக்கும் ஒரே உறைவிடம்தான், மாநிலத்துக்கென்று தனி உறைவிடம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மண்ணின் மைந்தர் வாதத்தையும் விமர்சித்தது. 2025 ஜனவரியில் மருத்துவ முதுநிலைப் படிப்புகளில் குடியிருப்பு அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டு நாம் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. மாநில ஒதுக்கீட்டை உடைத்தால் இனயத்துப் பெண்ணுக்கு டெல்லி திறந்துவிடும் என்பது பொய். திறப்பது, எங்கும் போய்ப் பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கப் பணம் உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டின் மருத்துவ இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்று வாதாடும் நான், கேரளத்தைப் பார்த்துக் கதவைத் திற என்று கத்தமாட்டேன். நான் கேட்பது வேறு. 'மண்ணின் மைந்தர்' என்ற சொல்லிலேயே மகள் இல்லை. மைந்தன் மண்ணில் நிற்கிறவன் என்று வைத்துக்கொண்டு எழுதிய விதிகளை, நகர்த்தப்படுகிறவள் பக்கமிருந்து ஒருமுறை திருத்தி எழுதுங்கள். திருமணத்தால் மாநிலம் மாறிய பெண்ணின் உரிமை, இரு மாநிலங்களில் ஏதாவது ஒன்றிலாவது கேள்வி இல்லாமல் நிற்க வேண்டும்.

அடுத்தது, ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்கள். இங்கே மாநில எல்லை ஒரு தடை இல்லை என்பார்கள். 2021 வரை டெல்லிப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்த்தது. அந்த ஆண்டு சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு முதல் பட்டியலே 100 சதவீதத்தில் நின்றது. கேரளப் பாடத்திட்டத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். உடனே அங்கே ஒரு பேராசிரியர் அதை 'மார்க் ஜிஹாத்' என்றார். தெற்கிலிருந்து வந்தவர் குறைவாக எடுத்தால் தகுதி இல்லை, முழுதாக எடுத்தால் சதி!

2022இல் கியூட் நுழைவுத்தேர்வு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், விண்ணப்பிக்கும் தகுதிக்கும் சமநிலையை முறிப்பதற்கும் மட்டும் என்றானது. தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் வினாக்கள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்திலிருந்து வரும். அந்த ஏப்ரல் 11 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இந்தத் தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. கியூட் பெண்களுக்கு என்ன செய்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கென்று ஓர் ஆண்டு வீட்டில் இருக்க மகனை விடுவார்கள். மகள் ஓர் ஆண்டு சும்மா இருந்தால் அந்த ஆண்டிலேயே மாப்பிள்ளை பார்ப்பார்கள். இரண்டாவது முயற்சி என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒதுக்கீடு. இதை எந்த அரசாணையிலும் பார்க்க முடியாது.

'ஆனால் பெண்களுக்கென்று கூடுதல் இடம் கொடுத்திருக்கிறார்களே' என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் பெண்கள் 10 சதவீதத்துக்கும் கீழே கிடந்தார்கள். 2018இல் கூடுதல் இடங்களை உருவாக்கி முதலில் 14 சதவீதம், 2020இல் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். என்.ஐ.டி.களிலும் அது வந்தது. என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு, மீதிப் பாதி பிற மாநிலத்தவருக்கு. ஆக, கோழிக்கோடு என்.ஐ.டி.யில் இனயத்துப் பெண்ணுக்கு என்ன வாய்ப்பு என்று பார்க்க வேண்டுமானால், கலந்தாய்வு முடிந்ததும் வெளியிடும் பட்டியலில் 'பிற மாநிலம்', 'ஓ.பி.சி.', 'பெண்களுக்கு மட்டும்' என்ற மூன்றும் சேரும் வரியை எடுத்து, கடைசிச் சுற்றில் முடிந்த தரவரிசையைப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், மூன்று ஆண்டுகளையாவது பார்க்க வேண்டும். பொதுவான வரியைப் பார்த்துவிட்டுக் கிடைக்காது என்று பயிற்சி மையத்துக்காரர் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கான வரி அந்தப் பட்டியலிலேயே இருந்தது.

இந்தக் கூடுதல் இடம் வந்ததும் தகுதி குறைகிறது என்று கூச்சல் போட்டார்கள். ஒருத்தனுடைய இடத்தையும் எடுக்காமல், புதிதாக நாற்காலி போட்டுத்தான் உட்காரவைத்தார்கள். அதற்கே இந்தக் கூச்சல். எனக்கு அதில் மகிழ்ச்சி தருவது ஒன்றுதான். இத்தனை காலம் பெண்களுக்கு ஆர்வமில்லை, குடும்பம் அனுப்புவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசு இடத்தை ஒதுக்கி, எண்ணை அச்சிட்டுக் காட்டியதும் பெண்கள் வந்தார்கள். குடும்பமும் அனுப்பியது.

ஆனால் உள்ளே நுழைவதோடு வாய்ப்பு முடிந்துவிடுகிறதா? 2020 நவம்பரில், தெலங்கானாவிலிருந்து டெல்லியின் பேர்பெற்ற பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போய்க் கணிதம் படித்த மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். அவள் மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. சேர்க்கைக் கணக்கில் அவள் நூற்றுக்கு நூறு வெற்றி. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புக்கு மடிக்கணினி இல்லை, உதவித்தொகை வந்து சேரவில்லை, விடுதி முதலாமாண்டுக்கு மட்டும் என்ற விதியால் அறையைக் காலி செய்ய வேண்டிய நிலை. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்று நினைக்கும்படி ஆக்கிவிட்டார்கள். வெளிமாநிலப் பெண்ணை ஓர் ஆண்டுக்கு மட்டும் தங்கவைக்கும் கல்லூரி, மூன்றாண்டுப் படிப்புக்கு அவளுக்கு இடம் கொடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

விடுதி கிடைத்தாலும் பூட்டு உண்டு. 2015இல் டெல்லியில் பிஞ்ச்ரா தோட் என்ற பெயரில் மாணவிகள் போராடியது இதற்காகத்தான். ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரம், பெண்கள் விடுதிக்கு ஒரு நேரம் என்ற விதிக்கு எதிராக. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்கள் விடுதிகளுக்குப் பாரபட்சமான விதிகள் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறையே சொல்கிறது. 2016 மே மாதம் அரசிதழில் வந்தது அது. மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை விடுதியில் கைப்பேசியைப் பறித்துவைத்த விதியை எதிர்த்துக் கோழிக்கோட்டு மாவட்ட மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. விதி நம் பக்கம் இருக்கிறது. அதை நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. விடுதிக் காப்பாளரின் கட்டளையையே சட்டம் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கடைசியாகப் பணம். டெல்லிக்கு அனுப்பக் காசு எங்கே என்று கேட்கும் வீடுகளில் சீதனத்துக்குக் காசு சேர்ந்துகொண்டிருக்கும். இந்த வழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு சட்டத்தின் கை உண்டு. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாத சொத்தில் மகனுடைய பங்கில் நான்கில் ஒரு பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. அதற்குப் பெயரே ஸ்ரீதனம். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கு முடிவு கட்டியது. சட்டம் போய்விட்டது. மகளுக்கு ஒருமுறை கொடுத்தனுப்பினால் தீர்ந்தது என்ற எண்ணம் போகவில்லை. கல்யாணத்தன்று கொடுக்கும் பவுன் அவளுடைய பங்கு என்றால், அதைப் பதினெட்டு வயதில் கட்டணமாகக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. "இவ்வளவு படிச்சது மதி" என்று சொல்லும் வீட்டில், இந்த ஒரு வாக்கியத்தைப் பெண்கள் துணிந்து சொல்ல வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் எங்களுடையது, 91.75 சதவீதம். படிக்கவைக்கத் தெரியாத ஊர் இல்லை இது. பெண்ணைக் குறிப்பிட்ட தூரம்வரை படிக்கவைக்கத் தெரிந்த ஊர். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பவர்களிடம்தான் நமக்குச் சண்டை.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் கேட்கிறேன். உங்கள் பட்டியலில் கடைசித் தரவரிசையை மட்டும் அச்சிடாதீர்கள். வெளிமாநிலப் பெண்களில் எத்தனை பேருக்கு விடுதி கொடுத்தீர்கள், எத்தனை ஆண்டுக்குக் கொடுத்தீர்கள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்பதையும் பக்கத்து வரியில் அச்சிடுங்கள். சேர்க்கைக் கடிதத்தோடு விடுதி அறையையும் உறுதிசெய்யுங்கள். மாநில அரசுகளிடம் கேட்கிறேன். எல்லைக் கரைகளில் இரு பக்கமும் ஒரே சமூகமாக வாழும் மீனவப் பெண்களின் சான்றிதழை இரு பக்கமும் ஏற்க ஓர் உடன்பாடு செய்யுங்கள். மீன்பிடி எல்லை பற்றிப் பேச உட்காரும் அதே மேசையில் இதையும் பேசலாம்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு: உங்களுக்கு வாய்ப்பு உண்டா என்று அடுத்தவரிடம் கேட்பதற்கு முன், உங்களுக்கான வரியை நீங்களே தேடிப் பாருங்கள். ஒன்றிய அரசு நிறுவனத்துக்கு மாநில சாதிச் சான்றிதழ் போதாது. ஒன்றிய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். நடப்பு நிதியாண்டுத் தேதியில் கேட்பார்கள். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பியுங்கள். விடுதி விதியைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று விலகாதீர்கள், கடைசிச் சுற்றுவரை நில்லுங்கள். வீட்டில் இரண்டாவது கணக்கைத் தொடங்கினால் ஓடி ஒளியாமல் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணும் யார் போட்டது என்று கேளுங்கள். அம்மாவும் சேர்ந்து கேட்பாள். மீன்கூடையோடு எத்தனை பேருந்துகளில் நின்றுகொண்டே போனவள் அவள். தூரம் அவளுக்குத் தெரியும்.